ஓட்டலில் தங்கத் தேவையான ஆங்கிலம்: ரூம் புக்கிங் முதல் செக்-அவுட் வரை

ஓட்டலில் பேச ஆங்கிலம் பழகுகிறவர்கள் பெரும்பாலும் தாங்கள் கேட்க வேண்டிய வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் ரிசப்ஷனில் போய் நின்றதும் கேள்வி கேட்கத் தொடங்குவது எதிரே இருப்பவர்தான். அவர் வழக்கமாகக் கேட்கும் ஆறேழு கேள்விகள் காதில் பிடிபடாமல் போவதால்தான் திணறல். ஆகவே நீங்கள் சொல்ல வேண்டியதோடு, அவர்கள் கேட்கப்போவதையும் சேர்த்தே பழகுங்கள். கீழே எல்லாம் தங்கும் வரிசையிலேயே இருக்கிறது.

1. புறப்படும் முன் தயாராக வேண்டியவை

புக்கிங் நம்பர், பாஸ்போர்ட்டில் அல்லது அடையாள அட்டையில் உள்ளபடி பெயர், வந்து சேரும் தேதி, கிளம்பும் தேதி ஆகிய நான்கும் ஒரே தாளில் இருக்கட்டும். பேச்சு எங்கே தடுமாறினாலும் அதைக் காட்டி "திஸ் ஈஸ் மை புக்கிங்" என்று சொன்னால் வேலை நடக்கும்.

பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லிப் பழகுங்கள். டெல்டாவின் டி, டேங்கோவின் டி, விக்டரின் வி எல்லாம் போனில் ஒன்றுபோலக் கேட்கும். எம், என் இரண்டும் குழப்பும். எஃப், எஸ் இரண்டும் அப்படியே. விமானத் துறையில் புழங்கும் சொற்களைச் சேர்த்துச் சொன்னால் சிக்கல் இல்லை: "எம் ஆஸ் இன் மைக்", "என் ஆஸ் இன் நவம்பர்", "எஃப் ஆஸ் இன் ஃபாக்ஸ்ட்ராட்", "எஸ் ஆஸ் இன் சியெரா". உங்கள் பெயரில் உள்ள எழுத்துகளுக்கு மட்டும் இதைத் தயார் செய்தால் போதும்.

"லாஸ்ட் நேம்", "சர்நேம்", "ஃபேமிலி நேம்" மூன்றும் ஒன்றுதான். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள். இனிஷியல் மட்டும் போட்டு புக் செய்துவிட்டு முழுப் பெயரைச் சொன்னால், கம்ப்யூட்டரில் தேடும்போது கிடைக்காமல் போகலாம்.

தேதியை எண்ணாக மட்டும் எழுதாதீர்கள். 04/05 என்பது பிரிட்டனில் மே 4, அமெரிக்காவில் ஏப்ரல் 5. மாதத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

இவற்றையெல்லாம் விட முக்கியமாக, புரியாதபோது சொல்ல இரண்டு வாக்கியங்கள் நாக்கில் நிற்க வேண்டும். "ஸாரி, குட் யூ ஸே தட் அகெய்ன், ப்ளீஸ்?" என்றால் இன்னொரு முறை சொல்லச் சொல்வது. "குட் யூ ரைட் இட் டவுன், ப்ளீஸ்?" என்றால் எழுதித் தரக் கேட்பது. புரியாமல் தலையாட்டுவதுதான் இருப்பதிலேயே செலவு வைக்கிற தவறு. நீங்கள் தலையாட்டியது கட்டணச் சேவை ஒன்றுக்கான சம்மதமாகவும் இருக்கலாம்.

2. நான்கு அச்சுகள்

நூறு வாக்கியம் வேண்டாம். நான்கு அச்சு போதும்; பொருளின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு பொருள் வேண்டுமென்றால் "குட் ஐ ஹேவ்": "குட் ஐ ஹேவ் அனதர் பில்லோ, ப்ளீஸ்?"

ஒரு வேலை நடக்க வேண்டுமென்றால் "குட் யூ": "குட் யூ க்ளீன் தி ரூம் நவ், ப்ளீஸ்?"

இருக்கிறதா என்று அறிய "ஈஸ் தேர்": "ஈஸ் தேர் எ லிஃப்ட்?"

பழுதைச் சொல்ல "ஈஸ்ன்ட் ஒர்க்கிங்": "தி ரிமோட் ஈஸ்ன்ட் ஒர்க்கிங்."

"ஐ வான்ட் டவல்" என்பதிலும் பொருள் போய்ச் சேரும். ஆனால் காதுக்குக் கட்டளையாக ஒலிக்கும். "கிவ் மி" அதைவிட மோசம். நாம் "கொஞ்சம் தரீங்களா" என்று கேட்கிற தொனியை ஆங்கிலத்தில் "குட்" என்ற சொல்தான் கொண்டுவருகிறது. அதனால்தான் முதல் இரண்டு அச்சுகளில் அது முன்னால் நிற்கிறது.

3. ரூம் புக் செய்யும்போது

தங்குவதை நாள் கணக்கில் சொல்லாமல் இரவுக் கணக்கில் சொல்லுங்கள். "ஃபார் த்ரீ டேஸ்" என்றால் இரண்டு இரவா, மூன்று இரவா என்று தெரியாது. "ஐ'ட் லைக் டு புக் எ ரூம் ஃபார் டூ நைட்ஸ், ஃப்ரம் தி டென்த் டு தி டுவெல்ஃப்த் ஆஃப் மே" என்று இரவையும் தேதியையும் சேர்த்துச் சொன்னால் தவறு நுழைய இடமில்லை.

நள்ளிரவு தாண்டி வந்து இறங்குகிறவர்கள் இங்கே அடிக்கடி ஏமாறுகிறார்கள். 11ஆம் தேதி அதிகாலை 1:30 மணிக்கு ஓட்டலுக்குப் போகிறீர்கள் என்றால் அறை 10ஆம் தேதியில் இருந்து புக் ஆகியிருக்க வேண்டும். 11 என்று போட்டால், அன்று பிற்பகல் செக்-இன் நேரம் வரை அறை உங்களுடையது இல்லை. 10 என்று போட்டுவிட்டு நேரத்தைச் சொல்லாமல் விட்டாலும் ஆபத்துதான்: வராதவர் என்று கணக்கிட்டு, அதாவது "நோ-ஷோ" என்று குறித்து, அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். "ஐ வில் பி அரைவிங் லேட், அரவுண்ட் ஒன் தர்ட்டி ஏ.எம். ஆன் தி லெவன்த். ப்ளீஸ் ஹோல்ட் மை ரூம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

கட்டில் விஷயத்தில் சொல் மாறினால் அறையே மாறிவிடும். "டபுள் ரூம்" என்றால் பொதுவாக இருவருக்கு ஒரே பெரிய கட்டில். "ட்வின் ரூம்" என்றால் தனித்தனியாக இரண்டு. இரண்டு நண்பர்கள் டபுள் ரூம் கேட்டால் ஒரே படுக்கைதான் கிடைக்கும். "கனெக்டிங் ரூம்ஸ்" என்றால் நடுவில் கதவு உள்ள இரு அறைகள். "அட்ஜாய்னிங்" என்றால் பக்கத்துப் பக்கத்து அறைகள், உள்கதவு இருக்க வேண்டும் என்பதில்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் முதல் சொல்லைத்தான் கேட்க வேண்டும். பெரிய சொகுசு அறையைக் குறிக்கும் சொல்லை "ஸ்வீட்" என்று உச்சரிக்க வேண்டும். "சூட்" என்றால் கோட்டு சூட்டுதான் நினைவுக்கு வரும்.

"எக்ஸ்ட்ரா காட்" என்று கேட்கவே கேட்காதீர்கள். பிரிட்டனில் "காட்" என்றால் கைக்குழந்தையின் தொட்டில் கட்டில். அமெரிக்காவில் மடக்குக் கட்டில். கூடுதல் ஆளுக்கு "அன் எக்ஸ்ட்ரா பெட்" என்றால் எங்கும் புரியும். கைக்குழந்தைக்கு என்றால் "எ பெட் ஃபார் எ பேபி" என்று நேராகச் சொல்லிவிடலாம்.

விலை சொன்னதும் மூன்று கேள்வி கேளுங்கள். "ஈஸ் தட் பர் பெர்சன் ஆர் பர் ரூம்?" தலைக்கா, அறைக்கா. "டஸ் தட் இன்க்ளூட் டாக்ஸஸ்?" வரியோடு சேர்த்தா. "ஈஸ் பிரேக்ஃபாஸ்ட் இன்க்ளூடட்?" காலை உணவு உண்டா. "ரூம் ஒன்லி" என்று எழுதியிருந்தால் சாப்பாடு எதுவும் இல்லை. "ஹாஃப் போர்டு" என்றால் காலை உணவும் இன்னொரு வேளையும், பெரும்பாலும் இரவு உணவு. "ஃபுல் போர்டு" என்றால் மூன்று வேளை. "காம்ப்ளிமென்டரி" என்ற சொல் வந்தால் இலவசம் என்று பொருள்.

"நான்-ரிஃபண்டபிள்" என்று பார்த்தால் நிறுத்தி யோசியுங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பாது. சந்தேகமாக இருந்தால் "வாட் ஈஸ் யுவர் கேன்சலேஷன் பாலிசி?" என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

4. செக்-இன் கவுன்டரில்

முதல் வாக்கியம் ஒன்றுதான்: "ஹலோ, ஐ ஹேவ் எ ரிசர்வேஷன் அண்டர் தி நேம் குமார்." இதன் பிறகு கேள்விகள் ஏறக்குறைய இந்த வரிசையில் வரும்.

"மே ஐ ஸீ யுவர் ஐடி, ப்ளீஸ்?" அடையாள அட்டையைக் கொடுத்து "ஹியர் யூ கோ" என்று சொல்லுங்கள். "டேக் இட்" வேண்டாம், அது வெடுக்கென்று ஒலிக்கும்.

"குட் யூ ஃபில் இன் திஸ் ஃபார்ம்?" படிவத்தில் "டேட் ஆஃப் டிபார்ச்சர்" என்ற இடத்தில் அறையைக் காலி செய்யும் தேதியை எழுத வேண்டும். வந்த தேதியையே இங்கேயும் எழுதிவிடுகிறவர்கள் நிறைய.

"ஹவ் வுட் யூ லைக் டு பே?" பதில் "பை கார்டு" அல்லது "இன் கேஷ்". ஏற்கெனவே கட்டியிருந்தால் "ஐ'வ் ஆல்ரெடி பெய்ட் ஆன்லைன்."

"வி நீட் எ கார்டு ஃபார் இன்சிடென்டல்ஸ்." பணம் கட்டிய பிறகும் கார்டு கேட்கிறார்களே என்று பலர் பதறுவது இங்கேதான். மினிபார் (அறைக்குள் விலைக்கு வைத்திருக்கும் பானங்கள், தின்பண்டங்கள்), லாண்டரி போன்ற கூடுதல் செலவுக்காக ஒரு தொகையை நிறுத்தி வைக்கிறார்கள். "ஈஸ் தட் எ சார்ஜ் ஆர் எ ஹோல்ட்?" என்று கேளுங்கள். சார்ஜ் என்றால் எடுத்துக்கொள்வது, ஹோல்ட் என்றால் பிடித்து வைப்பது. டெபிட் கார்டு கொடுத்தால் அந்தத் தொகை விடுபடும் வரை உங்கள் கணக்கில் செலவழிக்க முடியாது. அதனால் "வென் வில் இட் பி ரிலீஸ்ட்?" என்றும் கேட்டுவிடுங்கள்.

பெயர் கிடைக்கவில்லை என்றால் வாதம் வேண்டாம். "குட் யூ ட்ரை மை ஃபர்ஸ்ட் நேம்?" அதற்கும் கிடைக்காவிட்டால் "ஹியர் ஈஸ் மை கன்ஃபர்மேஷன் நம்பர்." முதல் பகுதியில் சொன்ன தாள் இதற்குத்தான்.

அறை இன்னும் தயாராகவில்லை என்றால் "குட் ஐ லீவ் மை லக்கேஜ் ஹியர்?" லக்கேஜ் என்ற சொல்லுக்குப் பன்மை இல்லை. "லக்கேஜஸ்" என்று சொல்லாமல் "டூ பேக்ஸ்" என்று எண்ணிச் சொல்லுங்கள்.

அறை எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்வார்கள். 305 என்பது "த்ரீ ஓ ஃபைவ்". பூஜ்ஜியம் "ஓ" ஆகிவிடும். நான்கு இலக்கமானால் இரண்டிரண்டாகப் பிரித்தும் சொல்வார்கள்: 1214 என்பது "டுவெல்வ் ஃபோர்ட்டீன்". தர்ட்டீன், தர்ட்டி போன்ற இணைகளில் அழுத்தம்தான் வேறுபாடு: முதலாவதில் பின்பாதி ஓங்கும், இரண்டாவதில் முன்பாதி. சந்தேகம் என்றால் "ஒன் த்ரீ ஆர் த்ரீ ஸீரோ?" என்று கேளுங்கள். மாடியிலும் ஒரு பொறி உண்டு: அமெரிக்காவில் "ஃபர்ஸ்ட் ஃப்ளோர்" என்றால் தரைத்தளம், பிரிட்டனில் அதற்கு மேல் உள்ள மாடி.

பல இடங்களில் அறை எண்ணை உரக்கச் சொல்லாமல் கார்டு உறையில் எழுதிக் காட்டுவார்கள். பிறர் காதில் விழக் கூடாது என்பதற்காக. நீங்களும் அதைத் திரும்ப உரக்கப் படிக்காதீர்கள்.

5. யெஸ்ஸா, நோவா?

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். சொற்கள் எல்லாம் தெரிந்தவர்களும் சறுக்குவது இதில்தான்.

செக்-அவுட்டின்போது கேட்கிறார்கள்: "ஸோ யூ டிடின்ட் டேக் எனிதிங் ஃப்ரம் தி மினிபார்?" அதாவது, மினிபாரில் இருந்து நீங்கள் எதையும் எடுக்கவில்லை, அப்படித்தானே? தமிழில் "ஆமாம், எடுக்கவில்லை" என்போம். அதே பழக்கத்தில் "யெஸ்" என்று மட்டும் சொன்னால், ஏதோ எடுத்திருக்கிறீர்கள் என்றுதான் பலரும் புரிந்துகொள்வார்கள். பில்லில் ஒரு வரி ஏறும்.

தமிழில் நாம் கேட்டவரின் கூற்று சரியா தவறா என்று பார்த்து ஆமாம், இல்லை சொல்கிறோம். ஆங்கிலத்தில் நடந்ததா இல்லையா என்பது மட்டுமே கணக்கு. நடக்கவில்லை என்றால் கேள்வி எப்படி வந்தாலும் "நோ" தான். ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் "நோ, ஐ டிடின்ட்" என்று வினையையும் சேர்த்துவிடுங்கள். "யூ ஹேவ்ன்ட் பெய்ட் யெட்?" என்று கேட்டால், கட்டவில்லை என்றால் "நோ, ஐ ஹேவ்ன்ட்", கட்டிவிட்டால் "யெஸ், ஐ ஹேவ்."

"வுட் யூ மைண்ட்" என்று தொடங்கும் கேள்வியும் இதே குடும்பம். "வுட் யூ மைண்ட் வெயிட்டிங் எ ஃப்யூ மினிட்ஸ்?" என்றால், சில நிமிடம் காத்திருப்பதில் ஆட்சேபம் உண்டா என்று பொருள். காத்திருக்கத் தயார் என்றால் "நோ, நாட் அட் ஆல்." எதைச் சொல்வது என்று குழம்பினால் "தட்'ஸ் ஃபைன்" என்று சொல்லுங்கள், தவறாகாது.

6. அறைக்குள் கேட்க வேண்டியவை

பொருள் கேட்க ரிசப்ஷனையோ "ஹவுஸ்கீப்பிங்" என்ற எண்ணையோ அழைக்க வேண்டும். "ரூம் பாய்" என்று யாரையும் அழைக்காதீர்கள். ஆளைக் கூப்பிட "எக்ஸ்க்யூஸ் மி" போதும்.

டவல், பில்லோ, பிளாங்கெட், ஹேங்கர், கெட்டில் போன்றவை தெரிந்த சொற்களே. உச்சரிப்பில் மூன்றைக் கவனியுங்கள். படுக்கை விரிப்புக்கு "ஷீட்" என்று நெடிலாகவே சொல்ல வேண்டும், குறிலானால் வசைச்சொல்லாகிவிடும். இஸ்திரிப் பெட்டியை "அயர்ன்" என்று சொல்லுங்கள். ரசீது "ரிசீட்", எழுதும்போது வரும் "பி" (p) ஒலிக்காது.

நம்மிடையே ஆங்கிலம் என்று புழங்கும் சில சொற்கள் வெளியே போனால் புரிவதில்லை. "கெய்சர்" வேலை செய்யவில்லை என்பதைவிட "தேர்'ஸ் நோ ஹாட் வாட்டர்" என்பது உடனே புரியும். "கரண்ட் போய்விட்டது" என்பதற்கு "தி பவர் ஈஸ் அவுட்." சாப்பாட்டைப் பார்சல் கேட்க "டு கோ" அல்லது "டேக்அவே". ஏதாவது விளக்கம் கேட்கும்போது "ஐ ஹேவ் எ டவுட்" என்று தொடங்கினால் அவர் சொன்னதை நம்பவில்லை என்பது போலாகும். "ஐ ஹேவ் எ கொஸ்டின்" என்று தொடங்குங்கள்.

கதவில் தொங்கும் அட்டையில் "டு நாட் டிஸ்டர்ப்" பக்கம் வெளியே இருந்தால் யாரும் சுத்தம் செய்ய வர மாட்டார்கள். அறை சுத்தமாகவில்லை என்று புகார் செய்யும் முன் அதைப் பாருங்கள்.

7. பழுதைச் சொல்லும் முறை

மூன்று துண்டு, இந்த வரிசையில்: எது, எப்போதிருந்து, என்ன செய்ய வேண்டும். "தி ஏசி ஈஸ்ன்ட் ஒர்க்கிங். இட்'ஸ் பீன் லைக் திஸ் சின்ஸ் திஸ் மார்னிங். குட் யூ சென்ட் சம்ஒன் டு ஹேவ் எ லுக்?" கடைசித் துண்டை விட்டுவிட்டால் எதிராளி "ஐ'ம் ஸாரி அபௌட் தட்" என்று வருத்தம் தெரிவித்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். ஆள் வர வேண்டும் என்றால் அதைக் கேட்டாக வேண்டும்.

காலையில் இருந்து என்பதற்கு "ஃப்ரம் மார்னிங்" வராது. தொடங்கிய நேரத்துக்கு "சின்ஸ்", கழிந்த நேரத்துக்கு "ஃபார்": "சின்ஸ் எய்ட் ஓ'க்ளாக்", "ஃபார் டூ ஹவர்ஸ்."

பழுதின் தன்மையைச் சொன்னால் சரியான கருவியோடு ஆள் வருவார். தண்ணீர் கசிந்தால் "ஈஸ் லீக்கிங்", தண்ணீர் இறங்காமல் தேங்கினால் "தி ட்ரெய்ன் ஈஸ் பிளாக்டு", கழிப்பறையில் தண்ணீர் அடிக்கவில்லை என்றால் "தி டாய்லெட் வோன்ட் ஃப்ளஷ்", சாவிக் கார்டு திறக்கவில்லை என்றால் "மை கீ கார்டு ஈஸ்ன்ட் ஒர்க்கிங்."

சரியாகவில்லை என்றால் குரலை உயர்த்தாமல் அடுத்த படிக்குப் போங்கள்: "இஃப் இட் கான்ட் பி ஃபிக்ஸ்ட் டுநைட், குட் ஐ சேஞ்ச் ரூம்ஸ்?" அதற்கும் வழி பிறக்காவிட்டால் "குட் ஐ ஸ்பீக் டு தி மேனேஜர், ப்ளீஸ்?" "யூ பீப்பிள்" என்று தொடங்கும் வாக்கியம் எதையும் சரிசெய்ததில்லை.

8. நேரமும் சாப்பாடும்

"செக்-அவுட் ஈஸ் பை லெவன்" என்றால் 11 மணிக்குள். "பிரேக்ஃபாஸ்ட் ஈஸ் அன்டில் டென்" என்றால் 10 மணி வரை. "பை" என்பது கெடு, "அன்டில்" என்பது தொடர்ச்சி. "ஐ வில் ஸ்டே பை ஃபோர்" என்று சொல்லக் கூடாது; "அன்டில் ஃபோர்".

பிரிட்டன்காரர் "ஹாஃப் ஃபைவ்" என்றால் ஐந்தரை. எழுப்பிவிடச் சொல்லும்போது நீங்கள் "குட் ஐ ஹேவ் எ வேக்-அப் கால் அட் ஃபைவ் தர்ட்டி ஏ.எம்.?" என்று முழுதாகச் சொல்லுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் "வெஜிடேரியன்" என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். மீனையோ முட்டையையோ அதில் சேர்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. "டஸ் திஸ் ஹேவ் எனி மீட், ஃபிஷ் ஆர் எக் இன் இட்?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வாமை இருந்தால் "ஐ'ம் அலர்ஜிக் டு" என்று தொடங்கிப் பொருளின் பெயர்.

9. அவசர நேரத்தில்

முதலில் இடம், பிறகு என்ன வேண்டும். "ரூம் த்ரீ ஓ ஃபைவ். வி நீட் அன் ஆம்புலன்ஸ்." இணைப்பு துண்டிக்கப்பட்டாலும் இடம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்பதால்தான் இந்த வரிசை. புகை தெரிந்தால் "தேர்'ஸ் ஸ்மோக் இன் தி காரிடார்." கதவு பூட்டிக்கொண்டு வெளியே நின்றால் "ஐ'ம் லாக்டு அவுட் ஆஃப் மை ரூம்."

10. செக்-அவுட்

"ஐ'ட் லைக் டு செக் அவுட்" என்று தொடங்குங்கள், "வெக்கேட்" தேவையில்லை. பணம் கட்டும் முன் "குட் ஐ ஸீ தி பில் ஃபர்ஸ்ட், ப்ளீஸ்?" என்று கேட்டு வரி வரியாகப் பாருங்கள். கட்டிய பிறகு திருத்துவது பெரும்பாடு.

தெரியாத தொகை இருந்தால் விரலை வைத்துக் காட்டி "வாட் ஈஸ் திஸ் சார்ஜ் ஃபார்?" உங்களுடையது இல்லை என்றால் "ஐ டிடின்ட் ஹேவ் திஸ். குட் யூ டேக் இட் ஆஃப், ப்ளீஸ்?"

வெளிநாட்டில் கார்டு தேய்க்கும்போது எந்த நாணயத்தில் கட்டுகிறீர்கள் என்று கேட்கலாம். "லோக்கல் கரன்ஸி, ப்ளீஸ்" என்று சொல்லுங்கள். உங்கள் நாட்டு நாணயத்தில் மாற்றச் சொன்னால் மாற்று விகிதத்தை உங்கள் வங்கி தீர்மானிக்காது. பெரும்பாலும் கூடுதலாகவே போகும். அலுவலகத்துக்கு பில் வேண்டும் என்றால் "குட் யூ இமெயில் மி தி இன்வாய்ஸ்?"

கிளம்பிய பிறகு எதையாவது விட்டுவந்தது நினைவுக்கு வந்தால் போன் செய்து, "ஐ செக்டு அவுட் திஸ் மார்னிங் ஃப்ரம் ரூம் த்ரீ ஓ ஃபைவ். ஐ திங்க் ஐ லெஃப்ட் மை சார்ஜர் இன் தி ரூம். குட் யூ செக் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்?" என்று கேளுங்கள். "ஐ ஃபர்காட் மை சார்ஜர் இன் தி ரூம்" வேண்டாம். இடத்தைச் சொல்லும்போது "லெஃப்ட்" தான் சரி. அறை எண், பொருளின் நிறம், எந்த இடத்தில் வைத்தீர்கள் என்ற மூன்றையும் முன்பே குறித்துக்கொண்டு போனை எடுங்கள். அவர்கள் அடுத்துக் கேட்கப்போவது அவைதான்.